ஒரு மூச்சு, ஓர் ஆள்

தாமோதரன் எங்கள் படுக்கையறையை விட்டு ஹாலுக்குப் போய் நாற்பத்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. அன்று காலை தோசை சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“வேனில், உங்க கடையில பழைய ரவுட்டர் ஒன்னு கிடைக்குமா?”

“யாருக்குங்க?”

“நமக்குத்தான். இந்த முத்திரைப் பெட்டியைக் கழட்டிரலாம்னு பாக்கறேன்.”

அடுப்பைக் குறைத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. எங்கள் கடையில் அப்படி ஒரு வழக்கம். யார் வந்து பழைய ரவுட்டர் கேட்டாலும் காரணம் கேட்கக் கூடாது. ஏழு வருடம் அங்கே வேலை பார்த்ததில் அந்தக் கேள்வியே என் நாக்கிலிருந்து போய்விட்டது.

ஹாலுக்குப் போனதற்கு அவரே ஒரு காரணம் சொல்லியிருந்தார். “ராத்திரி கிளையன்ட் கால் வருது. உன் தூக்கம் எதுக்குக் கெடணும்?” அங்கே ஒரு மெத்தை விரித்துவைத்திருந்தாலும் சாய்வு நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். காலையில் பார்த்தால் கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். கல்யாணமாகி நான்கு வருடத்தில் கிளையன்ட் யாரும் அவரை ராத்திரியில் கூப்பிட்டதில்லை.

முத்திரைப் பெட்டி என்பது இணைய இணைப்போடு வருகிற ரவுட்டர். அதைத் திறக்க முடியாது, உள்ளே இருக்கும் மென்பொருளை மாற்றவும் முடியாது. எல்லா ரவுட்டரையும் போல அதுவும் அலைகளை அனுப்பும். சுவரில் பட்டு, உடம்பில் பட்டு அலைகள் திரும்பி வரும். வீட்டில் எத்தனை பேர், யார் எப்படி நடக்கிறார்கள், மூச்சு எப்படி ஏறி இறங்குகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியும். வயதானவர்கள் வழுக்கி விழுந்தால் ஆம்புலன்ஸ் கூப்பிடத்தான் முதலில் வந்தது. அப்புறம் காப்பீட்டு நிறுவனங்கள் அந்தக் கணக்கைக் கேட்டன. அப்புறம் வேலை கொடுக்கிறவர்கள் கேட்டார்கள். பிரீமியத்தில் தள்ளுபடி என்றதும் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது மாடிக்காரருக்குக் கையில் லேசான நடுக்கம். அது அவருக்குத் தெரிவதற்கு முன்பே பெட்டிக்குத் தெரிந்துவிட்டது. காப்பீட்டிலிருந்து கடிதம் வந்தது. அதை முதலில் படித்தது அவர் மனைவி. இரண்டு மாதத்தில் மாடிக்காரருக்கு வேலை போயிற்று. பெட்டி சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

முத்திரை வருவதற்கு முந்தைய ரவுட்டர்களைத் திறக்கலாம். அவரவர் விருப்பப்படி ஃபர்ம்வேர் என்கிற உள்மென்பொருளை மாற்றி ஏற்றலாம். சட்டம் அதைத் தடுக்க மறந்திருந்தது. காந்திபுரத்தில் ஒரு மாடிக் கடையில் ஜமால் அண்ணனும் நானும் அதைத்தான் செய்கிறோம். அவர் வாங்கி வருவார். எது தேறும் என்று நான் பார்த்துச் சொல்வேன். வாடிக்கையாளர்களிடம் பேசுவது அவர் வேலை. எனக்கு ஆட்களோடு பேச வராது.

“இங்க வர்றவன் மூணே ரகம்மா,” என்பார் ஜமால் அண்ணன். “பயந்தவன், கோவக்காரன், கள்ளன். மூணு பேருக்கும் ஒரே விலைதான்.”

தாமோதரன் பயப்படுகிறவர் இல்லை. கோபக்காரரும் இல்லை.

சனிக்கிழமை அவரே கடைக்கு வந்தார். மாடிப்படியில் பாதியில் நின்று ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றார். யாருக்கோ பதில் எழுதுகிறார் என்று நினைத்தேன். அதை முடிக்காமல் என் முன்னால் வர அவருக்கு மனமில்லை என்றும் நினைத்தேன்.

மேலே வந்ததும் அலமாரியில் வெள்ளையாகப் பளபளத்த ஒன்றைக் காட்டினார். “இது நல்லா இருக்கே.”

ஜமால் அண்ணன் சிரித்தார். “மாப்பிள்ளை, பொண்ணு பாக்க வந்த மாதிரி வெளியழகைப் பாக்காதீங்க. அதுல ஃபிளாஷ் மெமரி எட்டு எம்.பி.தான். நம்ம ஃபர்ம்வேர் அதுக்குள்ள காலையே நீட்ட முடியாது.”

“அப்ப எதைப் பாக்கணும்?”

“உங்க வீட்டம்மாவைக் கேளுங்க. நான் சும்மா கல்லாவுல உக்காந்திருக்கறவன்.”

கே-ஒன்பது என்கிற கறுப்புப் பெட்டியை எடுத்துக் கவிழ்த்தேன். “அடியில இருக்கற ஸ்டிக்கரைத்தாங்க பாக்கணும். பேரு ஒன்னு, டப்பா ஒன்னு, ஆனா உள்ள இருக்கறது வேற வேற. வி-2ன்னு போட்டிருந்தா பதினாறு எம்.பி. ஃபிளாஷ், மூணு ஆன்டெனா. வி-3ல கம்பெனிக்காரங்க மிச்சம் பிடிச்சு ஒரு ஆன்டெனாவைக் குறைச்சுட்டாங்க. பேரைப் பாத்து வாங்கிட்டுப் போய் ஏமாந்தவங்கதான் ஜாஸ்தி.”

“பேரைப் பாத்து வாங்கக் கூடாது,” என்றார் அவர். ஒரு மூச்சு விட்டு, “அப்பறம்?” என்றார்.

“சிப்போட விவரத்தைக் கம்பெனி வெளியிட்டிருக்கணும். இல்லைன்னா யாராலயும் அதுக்கு எழுத முடியாது. போர்டுல இந்த நாலு துளை இருக்கணும். ஏத்தறப்ப நின்னு போச்சுன்னா இது வழியாத்தான் உயிர் கொடுப்போம்.”

கடையில் நான் இவ்வளவு பேசி ஜமால் அண்ணன் கேட்டதில்லை. தாமோதரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததாலேயே எரிச்சலாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் கே-ஒன்பதை மாட்டினேன். மோடத்தின் கம்பியை மாற்றும்போது அவர் பின்னால் வந்து நின்றார்.

“இது எதையும் பாக்காதுல்ல?”

“பாக்காதுங்க.”

“மூச்சு, நடை, அதெல்லாம்?”

“எல்லாத்தையும் அணைச்சுட்டேன்.”

அணைக்கவில்லை. நாங்கள் ஏற்றுகிற ஃபர்ம்வேரின் பெயர் கூடு. உலகம் முழுவதும் இருநூறு பேர் சேர்ந்து எழுதியது. அதில் ‘அணில்’ என்ற பெயரில் எழுதுகிறவள் நான். உடல் அறியும் பகுதியை அதில் ஒரே சொல்லில் அணைக்கலாம், ஒரே சொல்லில் ஓடவிடலாம். நான் ஓடவிட்டேன். அது காட்டுவது வேறு எங்கும் போகாது, என் ஃபோனுக்கு மட்டும் வரும். நாற்பத்தாறு நாள் தனியாகப் படுத்தவளுக்கு இந்த உரிமை உண்டு என்று சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பகுதியில் ஒரு விதி இருக்கிறது. அதுவும் அணில் எழுதியதுதான். முன்பெல்லாம் பீரோவில் பட்டுத் திரும்பும் அலையை இன்னொரு ஆள் என்று ரவுட்டர் எண்ணிவிடும். எதிரொலியும் ஆளும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கும், அதனால் அப்படி வருவதையெல்லாம் ஒருவராக எண்ணு, ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கினால் மட்டும் இருவராக எண்ணு என்று எழுதினேன். ஒரு மூச்சு, ஓர் ஆள். குழுவில் அத்தனை பேரும் பாராட்டினார்கள். மூன்று வருடமாக அது ஒரு தடவையும் தவறியதில்லை.

திங்கட்கிழமை காலை பதினொன்று ஐந்துக்குக் கடையில் ஃபோன் அதிர்ந்தது. அவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கிற நேரம். ஹாலில் இரண்டு பேர்.

பதினொன்று முப்பத்தாறுக்கு மறுபடியும் ஒருவர்.

முப்பத்தொரு நிமிடம். அன்று நான் திறந்த ரவுட்டர் எதையும் திரும்ப மூடவில்லை. ஒரு போர்டைக் கீழே போட்டேன். “என்னம்மா, பட்டப்பகல்ல பேயைப் பாத்தியா?” என்றார் ஜமால் அண்ணன்.

செவ்வாய், முப்பது நிமிடம். புதன், இருபத்தாறு. திரையில் பச்சைப் புள்ளிகள் இரண்டும் ஹாலில் மெத்தை கிடக்கும் இடத்தில் இருந்தன. நடுவே இடைவெளியே இல்லை. இருவருக்கும் நிமிடத்துக்கு இருபத்தாறு மூச்சு. நாற்காலியில் இருக்கும்போது அவருடையது பதினெட்டு. இருபத்தாறு என்பது ஓடி வந்தவர்களின் மூச்சு. ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டார். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். என்னையும் அவரையும் தவிர வேறு புள்ளி வரவில்லை. அவர் குளிக்கப் போனபோது அந்த மெத்தையில் படுத்து என் மூச்சை நானே பார்த்தேன். பதினைந்து. பிறகு அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தபோது இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். என் மூச்சு அவருடையதோடு ஒட்டவே இல்லை. முன்னும் பின்னுமாக அலைந்தது. இழுத்துப் பிடித்து, அவர் விடும்போது நான் இழுக்க முயன்றேன். இரண்டு நிமிடத்தில் தலை சுற்றியது.

அவளுக்கு அது தானாக வந்தது. முகமில்லாத ஒரு புள்ளி. அதற்கு ஒரு மூக்கு கொடுத்தேன், நீளமான கழுத்து கொடுத்தேன். கூட்டத்தில் தைரியமாகப் பேசுகிறவள், சத்தமாகச் சிரிக்கிறவள். நான் இல்லாத எல்லாமும் அவள்.

மற்றதெல்லாம் வரிசையாகப் பொருந்தியது. ராத்திரியில் அவர் பாதி வயிறுதான் சாப்பிட்டார். இடுப்பில் பெல்ட் இரண்டு துளை உள்ளே போயிருந்தது. ஃபோனில் பேசும்போது வாக்கியத்தை இரண்டாக உடைத்து, நடுவே மூச்சு விட்டு, தணிந்த குரலில் பேசினார். காதலிக்கும்போதுகூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை. ஒரு தடவை திரையில் பெயர் பார்த்தேன். ஆக்னஸ்.

ஒரே ஒரு ஆறுதல், நேரம் குறைந்துகொண்டே வந்தது. இருபத்திரண்டு, இருபது. அவளுக்குச் சலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் வராமலே போய்விடுவாள். சமையலில் உப்பு சரியாக விழுந்தது. ஒரு சாயங்காலம் அவருக்குப் பிடித்த பணியாரம்கூடச் சுட்டேன்.

பத்தாவது நாள் ஜமால் அண்ணனிடம் கேட்டேன்.

“அண்ணா, ஒரு கஸ்டமரு. வீட்டுல ஒரே ஆள்தான் இருக்கறாரு. ஆனா கூடு ரெண்டு பேர்னு காட்டுதாம்.”

“எந்தப் பெட்டி?”

“கே-ஒன்பது.”

“வி-3யா இருக்கும். ரெண்டு ஆன்டெனா வெச்சுட்டு அது என்னத்தைப் பாக்கும்? ஒருத்தனை ரெண்டாத்தான் காட்டும்.”

“ஸ்டிக்கர்ல வி-2ன்னுதான் இருக்குதுங்ணா.”

“ஸ்டிக்கரா? ஏம்மா, நீ எத்தனை வருஷமா இங்க இருக்க? பழைய மார்க்கெட்டுல வி-2 ஸ்டிக்கர் தனியாவே கிடைக்குது. தொறந்து பாக்கச் சொல்லு.”

வண்டியில் வரும்போது வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தேன். இத்தனை வருடம் சேர்த்துவைத்த பெயர் போனாலும் பரவாயில்லை, நான் ஏமாந்திருக்க வேண்டும், அது வி-3 ஆக இருக்க வேண்டும். அவர் குளியலறையில் இருந்தபோது நான்கு திருகுகளையும் கழற்றினேன். மூடியைத் தூக்கினேன்.

மூன்று ஆன்டெனாக் கம்பிகள். கறுப்பு, வெள்ளை, சாம்பல். சரியான பெட்டியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன்.

மூடியைப் பொருத்திக்கொண்டிருந்தபோது குளியலறைக் கதவு திறந்தது. அவருடைய ஃபோன் அடித்தது. துண்டோடு பால்கனிக்குப் போனார். நான் ஜன்னலோரம் நின்றேன்.

“பதினாறு நிமிஷம்,” என்றார். அப்புறம் மூச்சு. “ஆமா, குறைஞ்சிருச்சு.” அப்புறம், “இல்ல, அவளுக்குத் தெரியாது.”

மறுநாள் பதினொன்று மூன்றுக்கு ஃபோன் அதிர்ந்தது. இரண்டு பேர்.

“தலைவலிங்ணா,” என்றேன்.

“போம்மா, போய்ப் படு. மூஞ்சியே சரியில்ல ரெண்டு வாரமா.”

கடையிலிருந்து வீட்டுக்கு வண்டியில் ஏழு நிமிடம். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் திரையைப் பார்த்தேன். புள்ளிகள் அங்கேயேதான் இருந்தன. என்ன சொல்ல வேண்டும் என்று தயார் செய்தேன். ஒரு வாக்கியமும் முழுதாக வரவில்லை. படி ஏறும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். என் சாவியால் திறந்தேன்.

தாமோதரன் மெத்தையில் நேராக மல்லாந்து படுத்திருந்தார். தலையணை இல்லை. கண்கள் மூடியிருந்தன, நெற்றியெல்லாம் வியர்வை. பக்கத்தில் ஃபோன். அதில் ஸ்டாப் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

அவரைத் தாண்டிப் போனேன். சமையலறை, படுக்கையறை, குளியலறை, பால்கனி. பீரோவைத் திறந்து புடவைகளை ஒதுக்கிப் பார்த்தேன். அங்கே ஒரு ஆள் நிற்க இடமில்லை என்று தெரிந்தும் பார்த்தேன்.

திரும்பி ஹாலுக்கு வந்து ஃபோனைப் பார்த்தேன்.

மூன்று பேர்.

“வேனில்?” கண்ணைத் திறந்திருந்தார். “கடை... லீவா?”

“அவ எங்க?”

“யாரு?”

“ரெண்டு வாரமாப் பாக்கறேன். தினமும் பதினோரு மணிக்கு. இப்பவும் உங்க பக்கத்துல ஒருத்தி இருக்கறா.” ஃபோனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். “இதோ. ஒன்னு நான். ஒன்னு நீங்க. இது யாரு?”

திரையைப் பார்த்தார். “பாக்காதுன்னு... சொன்னியே.”

“பொய் சொன்னேன்.”

திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. கையை நீட்டினார். நான் பிடிக்கவில்லை.

“இங்க வா,” என்றார். “ரெண்டு கையையும் குடு.”

மண்டியிட்டேன். என் வலது கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். இடது கையை வயிற்றில் வைத்தார்.

நெஞ்சு மேலே எழுந்தது. வயிறு உள்ளே போனது.

நெஞ்சு இறங்கியது. வயிறு வெளியே வந்தது.

எனக்கும் படுத்துக்கொண்டு மூச்சு விடத் தெரியும். இரண்டும் சேர்ந்துதான் எழும், சேர்ந்துதான் இறங்கும். எல்லோருக்கும் அப்படித்தான். அப்படித்தான் என்று நினைத்துத்தான் அந்த விதியை எழுதினேன். இங்கே என் இரண்டு கைகளும் இரண்டு பேர் மேல் வைத்தது போல எதிரும் புதிருமாக ஏறி இறங்கின. இருபது தடவை இருக்கும், அப்படியே வைத்திருந்தேன். அவர் உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது.

தோளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தேன். எவ்வளவு லேசாகிவிட்டார். சுவரில் சாய்ந்து வாயைத் திறந்து இழுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு நிதானத்துக்கு வந்தது. தரையில் கிடந்த என் ஃபோன் சில நொடிகள் யோசித்தது. மூன்று, இரண்டாயிற்று.

அவர் கையை நீட்டி ஸ்டாப் வாட்சை நிறுத்தினார். பன்னிரண்டு நிமிடம், நாற்பது நொடி.

“ஆக்னஸ் யாருங்க?” அந்த நேரத்திலும் அதைத்தான் கேட்டேன்.

“பிசியோதெரபிஸ்ட்.” சிரிக்கப் பார்த்தார். “அம்பத்தெட்டு வயசு. முட்டிவலிக்கு... என்கிட்டயே வைத்தியம் கேக்கும்.”

“எதுக்கு இப்படிப் படுக்கறீங்க? முடியலைன்னா எதுக்குப் படுக்கணும்?”

“பழகறேன்.” கண்ணை மூடிக்கொண்டார். “நாற்காலியில சாஞ்சிருந்தா ஒன்னும் தெரியல. நேராப் படுத்தாத்தான் இப்படி. அவங்க வேண்டாம்னாங்க. நான்தான், தினமும் கொஞ்ச நேரம் படுத்துப் பாக்கறேன்னு சொன்னேன். ஒரு மணி நேரம் தாங்குச்சுன்னா ரூமுக்கு வந்துரலாம். நீ தூங்கற வரைக்குமாவது உன் பக்கத்துல படுத்திருக்கலாம். நாளாக நாளாக நேரம் கூடும்னு நெனச்சேன்.”

முப்பத்தொன்று. முப்பது. இருபத்தாறு. ஒவ்வொரு எண்ணும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் நான் சந்தோஷப்பட்டிருந்தேன்.

“பெட்டி பாத்துதுன்னா ஆபீசுக்குப் போயிரும்,” என்றார். “அதுக்கு முன்னால உனக்குத் தெரியணும். அது கடுதாசியில வரக் கூடாது. மேல் வீட்டுல நடந்த மாதிரி. நானே சொல்லணும்னுதான் பெட்டியை மாத்தச் சொன்னேன். அப்பறம் சொல்ல வரல. நீயும் எதுக்குன்னு கேக்கல.”

ஹாலின் மூலையில் கே-ஒன்பதின் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் விரல்கள் என் கைக்குள் சில்லென்றிருந்தன.

ஏழு வருடமாக யாரிடமும் கேட்காததைக் கேட்டேன்.

“எதுக்குங்க? என்னங்க உங்களுக்கு?”

என் இடது கையை மறுபடியும் எடுத்து விலா எலும்பு முடிகிற இடத்தில் வைத்தார்.

“இங்க, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல, மூச்சை இழுக்கற தசை ஒன்னு இருக்குல்ல,” என்றார். “அதுக்குப் போற நரம்பு செத்துட்டு வருது, வேனில். திரும்ப வராது.”